பழைய காரும் இளைய சாரதியும்

ஹைதராபாத் நகரத்தின் வடமேற்குப் பகுதியில், ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் விமான மின்னணுப் பிரிவும், 1968-ல் தோன்றிய மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனமும், ஒரு தலைமுறைக்கு முன் தேசமெங்கும் மருந்து அனுப்பிப் பின்னர் ஓய்ந்துவிட்ட ஐ.டி.பி.எல். ஆலையின் வளாகமும் அமைந்துள்ள பாலாநகரில், பெரிய தொழிற்சாலைகளை அண்டிப் பிறந்த சின்னஞ்சிறு லேத்துப் பட்டறைகள் சந்துக்குச் சந்து இருக்கின்றன. கம்பெனி கைவிட்டுப் பல வருஷங்களாகிவிட்ட ஒரு காரின் தேய்ந்துபோன புஷ்ஷையோ ஷாஃப்டையோ கொண்டுபோய்ப் பட்டறை மேஜைமேல் வைத்தால், அளவெடுத்து, இரும்பைக் கடைந்து, அதே அளவில் இன்னொன்றைச் செய்து கொடுக்கும் கைகள் அங்கே உண்டு. சௌமகல்லா அரண்மனையில் நிஜாமின் 1912-ஆம் வருஷத்து ரோல்ஸ் ராய்ஸைக் காசு கொடுத்துப் பார்க்கக் கூட்டம் போகும் ஊரில், இத்தனை பட்டறைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஏதோ ஒரு பழைய ஃபியட்டையோ கண்டெஸாவையோ குறைந்த விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு ஓட்ட வேண்டும் என்ற ஆசை அங்கே குடியிருக்கும் இளைஞர்களுக்கு உண்டாவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆசை உண்டான மறுகணமே இன்ஷூரன்ஸைப் பற்றிய கேள்வியும் எழுகிறது. பழைய காருக்கென்று தனியாக உள்ள ‘கிளாசிக்’ பாலிசியை எடுப்பதா, எல்லோரும் எடுக்கும் சாதாரணப் பாலிசியையே எடுப்பதா என்று இளைஞர்கள் விசாரிக்கிறார்கள். இந்தக் கேள்வி நம்முடைய சாலையில் பிறந்ததன்று. கடல் கடந்து வந்தது. இங்கிலாந்தில் இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர் கார் ஓட்டினால் சாதாரண இன்ஷூரன்ஸ் கட்டணம் கண்ணைப் பிதுங்க வைக்கும் அளவுக்கு ஏறிவிடும். ஆதலால் வருஷத்துக்கு இத்தனை மைலுக்குமேல் ஓட்டுவதில்லை, இரவில் கொட்டகைக்குள் பூட்டி வைப்பேன், அன்றாட உபயோகத்துக்கு வேறு வண்டி இருக்கிறது என்றெல்லாம் உறுதி கூறிப் பழங்கார் பாலிசியை நாடுவது அங்கே ஒரு யுக்தியாக வழங்குகிறது. பழங்கார் பாலிசி தரும் கம்பெனிகளில் பல இளைஞர்களை ஏற்பதேயில்லை என்பதும், ஏற்பவை மைல் கணக்கில் கறாராக நிற்கும் என்பதும் வேறு விஷயம்.

நம் தேசத்தில் அந்த யுக்திக்கு அஸ்திவாரமே இல்லை. பிறருக்கு ஏற்படும் உயிர்ச்சேதம், உடற்காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்காக 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டின் அடிப்படைக் கட்டணத்தை மத்திய சர்க்கார் நிர்ணயிக்கிறது. தனியார் காருக்கு அந்தக் கட்டணம் எஞ்சினின் கன அளவை மட்டுமே பொறுத்தது. 2022 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த அட்டவணைப்படி, 1000 சி.சி. வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416 ரூபாய், அதற்குமேல் 7,897 ரூபாய், வரி நீங்கலாக. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு வயது பத்தொன்பதா அறுபத்தொன்றா என்று அந்த அட்டவணை கேட்பதில்லை. காருக்கே ஏற்படும் சேதத்துக்கான சொந்தச் சேதப் பிரீமியத்தை 2007 ஜனவரி முதல் கம்பெனிகள் தம் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்றாலும், அதற்குமுன் நீண்டகாலம் வழங்கிய அகில இந்தியக் கட்டண விதிகள் காரின் மதிப்பு, காரின் வயது, எஞ்சினின் அளவு, வண்டி பதிவான ஊர் என்ற நான்கைத்தான் பார்த்தன. ஹைதராபாத், சென்னை, பம்பாய் முதலிய எட்டுப் பெருநகரங்கள் ‘ஏ’ மண்டலம். மற்ற ஊர்களெல்லாம் ‘பி’. அவ்வளவே. இன்றைய பாலிசிகளும் பெரும்பாலும் அந்த விதிகளின் சாயலைத் தாங்கியவை. ஆகவே, இளமைக்காக விதிக்கப்படும் அபராதத்திலிருந்து தப்பிக்கப் பழங்கார் பாலிசிக்குள் புகலாம் என்று எண்ணுகிறவர், இல்லாத சிறையிலிருந்து தப்பிக்கச் சுரங்கம் தோண்டுகிறார்.

அப்படியானால் பழைய காருக்கு இங்கே தனி அந்தஸ்து உண்டா என்றால், ஒரு வரம்புக்கு மேல் உண்டு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பது வருஷம் கடந்து, சேஸிஸ், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் ஆதி உருவத்திலேயே பராமரிக்கப்பட்டு வரும் இருசக்கர, நாற்சக்கர வாகனங்களை ‘விண்டேஜ்’ எனப் பதிவு செய்துகொள்ளலாம். புதிதாகப் பதிவு பெறும் வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்கள் கொண்ட தனி எண் கிடைக்கும். ஏற்கெனவே பதிவாகியிருப்பது தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். பத்து வருஷம் செல்லும் இந்தப் புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பிந்திய மறுபதிவுக்கு 5,000. இவ்விதம் பதிவான காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி என்று 2022-ஆம் வருஷத்து விதிகள் கூறுகின்றன.

பாதி தள்ளுபடி என்றதும் மனம் குதிக்கும். சற்றுப் பொறுத்துக் கணக்குப் பார்ப்பது நல்லது. 1968-ல் பதிவான ஒரு ஃபியட் 1100 காரை ஓர் இளைஞர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் 1089 சி.சி.; சாதாரணக் கட்டணம் 3,416 ரூபாய்; தள்ளுபடி 1,708 ரூபாய். பதிவுக் கட்டணமாக 20,000 ரூபாய் செலுத்தினால், பத்து வருஷத்துக்குப் பங்கிட வருஷத்துக்கு 2,000 ரூபாய் ஆகிறது. சேமித்தது 1,708, செலவழித்தது 2,000. இதற்குப் பிரதியாக அந்த இளைஞர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்றால், அன்றாடம் ஓட்டும் உரிமையையே விட்டுக்கொடுக்கிறார்: விண்டேஜ் வண்டியைக் கண்காட்சிக்கும், பழங்கார் ஊர்வலத்துக்கும், தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கும், பெட்ரோல் நிரப்பவும், பழுது பார்க்கவும் மட்டுமே சாலையில் இறக்கலாம், வழக்கமான போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது. பாலாநகரிலிருந்து ஹைடெக் சிட்டிக்கு அலுவலகம் போய்வர அதை உபயோகித்து, வழியில் விபத்து நேர்ந்து, கம்பெனிக்காரர் உபயோக நிபந்தனையை எடுத்துக் காட்டினால், தள்ளுபடியாகக் கிடைத்த ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் எந்தக் காயத்துக்கும் மருந்தாகாது. ஆகையால், சேகரிப்பில் ஆசை கொண்டு, அன்றாடத்துக்கு வேறொரு வண்டி வைத்திருப்பவருக்கன்றி, முதற்கார் வாங்கும் இளைஞருக்கு விண்டேஜ் பதிவினால் பணரீதியாகப் பிரயோஜனம் ஏதுமில்லை என்பதே என் அபிப்பிராயம்.

இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. பழைய கட்டண விதிகள் வேறொரு வரையறையை வைத்திருந்தன: 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாரிக்கப்பட்டு, இந்திய விண்டேஜ் மற்றும் கிளாசிக் கார் சங்கத்தின் அத்தாட்சி பெற்ற காருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 25 சதவீதம் குறைவு. ஆகவே அந்த 1968 ஃபியட், பதிவு அலுவலகத்தின் கண்ணுக்கு விண்டேஜாகவும் பழைய கட்டணப் புத்தகத்தின் கண்ணுக்கு வெறும் கிழட்டுக் காராகவும் ஒரே சமயத்தில் விளங்கக்கூடும். ஏஜெண்ட் ஒருவர் ‘விண்டேஜ் தள்ளுபடி’ என்று சொன்னால், எந்தப் பகுதியில், எந்த வரையறைப்படி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதற்கு இதுவே காரணம்.

நம் இளைஞர்கள் ஆசைப்படும் கார்களில் பெரும்பாலானவை இந்த ஐம்பது வருஷ வரம்பை எட்டாதவை. மாருதி 800 காரின் முதல் வண்டிக்கு 1983 டிசம்பரில் சாவி கொடுக்கப்பட்டது. அந்த முதல் வண்டியே 2033 வரை காத்திருக்க வேண்டும். கண்டெஸா அதற்கும் பின்னால். மறுபுறம், எந்தக் காருக்கும் முதற்பதிவு பதினைந்து வருஷத்தோடு காலாவதியாகி, அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்பட்டு ஐந்தைந்து வருஷமாகவே நீட்டிக்கப்படுகிறது. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட இந்த நீண்ட வெளியில், சட்டம் ‘கிளாசிக்’ என்று எந்த வகுப்பையும் அங்கீகரிக்கவில்லை. அங்கே இருப்பது சாதாரணப் பாலிசி ஒன்றே. ஆயினும் அந்தச் சாதாரணப் பாலிசிக்குள்ளேயே, அதிகம் பேர் அறியாத ஓர் இடம் ஒளிந்திருக்கிறது. பழங்கார் பாலிசியினால் அந்நிய தேசத்தார் அடையும் முக்கியமான நன்மையை ஏறக்குறைய அங்கே பெற்றுவிடலாம்.

அது காரின் மதிப்பைப் பற்றிய விதி. கார் முழுதும் நாசமானாலோ திருட்டுப் போனாலோ கம்பெனி கொடுக்கும் உச்சத்தொகை, பாலிசியில் குறிக்கப்பட்ட காப்பீட்டு மதிப்பு. வழக்கில் இதை ஐ.டி.வி. என்பார்கள். கார் தயாரிப்பாளரின் விற்பனை விலையிலிருந்து ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருஷத்துக்குள் 15, பிறகு 20, 30, 40 என்று ஏறி, நான்கு முதல் ஐந்து வருஷக் காருக்கு 50 சதவீதம் வரை தேய்மானம் கழிக்கப்படும். ஐந்து வருஷம் கடந்த கார்களுக்கும், தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்கும், மதிப்பு என்பது கம்பெனியும் காருடையவரும் பரஸ்பரம் சம்மதித்து நிர்ணயித்துக்கொள்ளும் தொகை என்று அந்த விதி சொல்கிறது. பரஸ்பரச் சம்மதம் என்றால் பேரம் பேசும் உரிமை. இந்த உரிமையைத்தான் நம்மவர்கள் கணினித் திரையில் தானாகத் தோன்றும் எண்ணுக்குத் தலையசைத்து இழந்துவிடுகிறார்கள். பிரீமியம் குறைகிறதே என்று மதிப்பைத் தாமாகவே தாழ்த்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தாழ்ந்த மதிப்பினால் வரும் கேடு திருட்டின்போது மட்டும் தெரிவதன்று. பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யின் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு நஷ்டமாகக் கருதிவிடலாம் என்பது விதி. ஒன்றரை லட்ச ரூபாய்க்கு வாங்கி, மேலும் ஒன்றரை லட்சம் செலவழித்துப் புதுப்பித்த ஒரு காரின் மதிப்பு பாலிசியில் 60,000 என்று இருக்குமானால், 45,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிங்கரிங் வேலையே அந்தக் காருக்கு மரண சாசனமாகிவிடும். 60,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டு வண்டியைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது சேதப்பட்ட கூட்டின் விலையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் பெற வேண்டும். அதே கார் மூன்று லட்சத்துக்குக் காப்பிடப்பட்டிருந்தால், அதே விபத்து வெறும் பழுதாகவே முடிந்திருக்கும். இதற்குக் கூடுதலாகும் பிரீமியம் எவ்வளவு? பழைய கட்டண விகிதப்படி, ஹைதராபாத்தில் பத்து வருஷம் கடந்த 1000 முதல் 1500 சி.சி. காருக்கு மதிப்பில் 3.529 சதவீதம், 60,000 ரூபாய்க்கு 2,117, மூன்று லட்சத்துக்கு 10,587. இன்றைய விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுமென்றாலும் விகிதாசாரம் இப்படித்தான். இது கணிசமான பணந்தான். ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கும் பணம்.

மதிப்பை உயர்த்த விரும்புகிறவர் வாய்வார்த்தையால் சாதிக்க முடியாது. உரிமம் பெற்ற சர்வேயரோ மதிப்பீட்டாளரோ எழுதிக்கொடுத்த அறிக்கை, தேதியிட்ட புகைப்படங்கள், புதுப்பித்தபோது வாங்கிய ரசீதுகள் ஆகியவற்றோடு பாலிசி எடுப்பதற்கு முன்னதாகவே விண்ணப்பித்து, சம்மதித்த தொகை பாலிசி அட்டவணையில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரு கம்பெனி மறுத்தால் இன்னொன்றை அணுகலாம். பழைய பாலிசி காலாவதியாகியிருந்தால் வண்டியை நேரில் பார்வையிட்ட பின்னரே புதியது கொடுப்பார்கள். அந்தப் பார்வையையே மதிப்பைப் பற்றிப் பேசுவதற்குரிய சந்தர்ப்பமாக்கிக்கொள்ளலாம்.

முழு நஷ்டம் அபூர்வம். சிறு விபத்தே அடிக்கடி வருவது. அங்கே பழைய காரைப் பாதிப்பது பாகங்களின் தேய்மானம். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பாட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம், ஃபைபர் கண்ணாடிக்கு 30 சதவீதம் எல்லாக் கார்களுக்கும் பொது, கண்ணாடிக்குக் கழிவில்லை, உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதுக்கேற்பக் கூடிக்கொண்டே போய், பத்து வருஷம் தாண்டிய காருக்குப் பாதி கழிக்கப்படுகிறது. இந்தத் தேய்மானத்தைக் கம்பெனியே ஏற்கும் ‘ஜீரோ டெப்’ சேர்ப்புப் பாலிசி புத்தம் புதிய கார்களுக்கும் சில வருஷக் கார்களுக்குமே கிடைப்பது. ஆனால் தேய்மானம் பாகத்தின் விலையில்தான், கூலியில் இல்லை. இந்தப் பேதம் பாலாநகர்ப் பட்டறைக்காரருடன் பழகுகிறவருக்கு மிகவும் முக்கியமானது. கடையில் கிடைக்காத ஒரு பாகத்தைக் கடைந்தோ, தட்டி நிமிர்த்தியோ செய்யும்போது செலவில் பெரும்பங்கு கைக்கூலியே; இரும்பின் விலை சொற்பம். பட்டறைக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் மொத்தத் தொகையை எழுதிக் கொடுத்தால், சர்வேயர் அதைப் பாகத்தின் விலையாகக் கொண்டு பாதியைக் கழித்துவிட இடமுண்டு. பொருளும் கூலியும் தனித்தனியாகப் பிரித்தெழுதிய, முறையான ரசீதைக் கேட்டு வாங்கினால் கழிவு குறையும். வேலையைத் தொடங்குமுன் சர்வேயர் பார்த்து மதிப்பிட்டிருக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. பட்டறைக்காரர் அவசரப்பட்டுப் பிரித்துப் போட்டுவிட்டால், சேதம் எது, பழைய துரு எது என்பதற்குச் சாட்சி இராது. துருவும் தேய்வும் இயந்திரக் கோளாறும் எந்தப் பாலிசியிலும் அடங்காதவை. எது எப்படியாயினும் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாய் காருடையவர் பங்கு.

இனி இளைஞர் என்ற பகுதிக்கு வருவோம். வயதைக் கேட்காத பாலிசி, லைசென்ஸை மிகக் கண்டிப்பாகக் கேட்கிறது. பயிலுநர் லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம். ஆனால் ‘எல்’ பலகை தொங்க வேண்டும், பக்கத்தில் முழு லைசென்ஸ் பெற்ற ஒருவர் கற்றுக்கொடுப்பவராக உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த நிபந்தனை இல்லாமல் விடியற்காலையில் ரோடு காலியாக இருக்கிறதென்று தனியே ஓட்டிப் பழகுகிறவருக்குச் சொந்தச் சேதக் காப்பு இல்லை. பிறர் காயமடைந்தால் என்ன ஆகும் என்பதை 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது: லைசென்ஸ் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது, காருடையவர் தெரிந்தோ அஜாக்கிரதையாலோ நிபந்தனையை மீறினார் என்று கம்பெனியே ருசுப்படுத்த வேண்டும், ருசுவானாலும் பல சந்தர்ப்பங்களில் காயமடைந்தவருக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் காருடையவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். அடிபட்டவருக்கு இது பரிகாரம். சாவியைக் கொடுத்த தகப்பனாருக்கு இது வீட்டுப் பத்திரத்தின்மேல் வரும் கடன். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஓட்டியிருந்தாலோ, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. காரின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுவரை லைசென்ஸ் கிடையாது.

லைசென்ஸ் உள்ள பிள்ளைக்கும் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அநேகர் இதை அறியார். பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு, ஆர்.சி.யில் பெயருள்ள உரிமையாளர் தாமே ஓட்டும்போது அவருக்கு மட்டும் உரியது. அப்பா பெயரில் உள்ள காரை மகன் ஓட்டிச் சென்று, தன் தவறாலேயே மரத்தில் மோதினால், அந்தப் 15 லட்சம் அவனுக்கில்லை. இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் ஸ்தானத்தில் நிற்கிறார், ஆகவே மூன்றாம் நபர் ஆகார் என்று நிங்கம்மா வழக்கில் 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. மகன் பெயரில் தனியே ஒரு விபத்துக் காப்பீடு எடுப்பதே இதற்கு எளிய வழி. அதன் பிரீமியம் சொற்பமே.

உடன் வரும் சிநேகிதர்களின் நிலையோ இன்னும் கவனிக்கத்தக்கது. பிரீமியத்தை மிச்சப்படுத்தப் பழைய காருக்கு ‘தேர்ட் பார்ட்டி’ மட்டும் எடுத்தால் போதும் என்பது பொதுவான யோசனை. கார் பழசு, உடைந்தால் உடையட்டும் என்பார்கள். சட்டம் கட்டாயமாக்கும் அந்தக் குறைந்தபட்சப் பாலிசி தனியார் காருக்குள் உட்கார்ந்திருப்பவரைக் காப்பதில்லை என்றும், விரிவான பாலிசியாக இருந்தால் அவரும் அடங்குவார் என்றும் 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்தியது. விகாராபாத்துக்கு நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும் இளைஞர், தகரத்துக்கு வந்த சேதத்தைத் தாமே சகித்துக்கொள்ளலாம். பின்சீட்டில் இருந்த சிநேகிதனின் முதுகெலும்புக்குத் தாமே பதில் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்க்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, காரின் மதிப்பு எவ்வளவு குறைந்திருந்தாலும், இளைஞர் விரிவான பாலிசியையே எடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

பழைய கார் வாங்குவதென்றாலே கை மாறிய கார் வாங்குவது. தரகர்கள் 29, 30 எண் படிவங்களில் விற்பவரின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே காரைக் கைக்குக் கை தள்ளிவிடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. விற்றவருக்கு இதனால் வரும் ஆபத்தை 2018-ல் நவீன் குமார் வழக்கு காட்டிற்று: கார் பல கை மாறியிருந்தும், பதிவேட்டில் பெயர் நின்றவரே உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்றாகிவிட்டது. வாங்கினவருக்கு வரும் ஆபத்து வேறு. கார் கை மாறினதும் மூன்றாம் நபர் காப்பு 157-ஆம் பிரிவின்படி தானாகவே அவருக்கு வந்துவிடும். ஆனால் சொந்தச் சேதமும் திருட்டும் அப்படி வருவதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு தொண்ணூறுகளின் நடுவிலேயே தீர்த்திருக்கிறது. பதினான்கு நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்துப் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளாதவர், மாதாமாதம் துடைத்துப் பளபளப்பாக்கும் கார் திருட்டுப் போன அன்றைக்குத்தான் பாலிசி இன்னொருவர் பெயரில் இருப்பதை அறிவார். முன்னவர் சம்பாதித்த ‘நோ கிளெய்ம் போனஸ்’, 20-லிருந்து 50 சதவீதம் வரை எதுவாயினும், அவரோடு போய்விடும்; அது ஆளுக்குரியதே தவிரக் காருக்குரியதன்று.

பதிவின் காலக்கெடுவையும் அவ்வாறே பார்க்க வேண்டும். செல்லுபடியாகும் பதிவில்லாத வண்டியைச் சாலையில் ஓட்டுவது அடிப்படை நிபந்தனை மீறல், சொந்தச் சேதம் கிடையாது என்று 2014-ல் நரிந்தர் சிங் வழக்கிலும், 2021-ல் இன்னொரு வழக்கிலும் முடிவாயிற்று. அவை தற்காலிகப் பதிவு தீர்ந்த புது வண்டிகளைப் பற்றியவையாயினும், பதினைந்து வருஷப் பதிவு முடிந்தும் புதுப்பிக்காத பழங்காருக்கு எதிராக அதே வாதத்தை எழுப்பக் கம்பெனிக்குத் தடையில்லை. எஞ்சினை மாற்றி, கூட்டை அறுத்து, அகலச் சக்கரம் பூட்டும் வேலைகளுக்கு 52-ஆம் பிரிவு தடையாக நிற்கிறது; அனுமதிக்கப்பட்ட மாற்றமாயினும் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற வேண்டும். மறைத்த மாற்றம் கோரிக்கையின்போது வெளிப்படாமல் இராது. பழங்கார் ஊர்வலத்தில் கலந்துகொள்ள விரும்புகிறவர், பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை என்பதை நினைத்து, ஊர்வலத்துக்குக் காப்பு உண்டா என்று முன்னதாகவே எழுத்தில் கேட்டு, வேண்டுமானால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்ப்புறுதி பெற வேண்டும்.

கோரிக்கை தகராறில் முடிந்தால் செல்ல வேண்டிய வழி பாலாநகர்வாசிக்கு மிகவும் அண்மையில் இருக்கிறது. தேசத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை எல்லாம் மேற்பார்க்கும் ஒழுங்குமுறை ஆணையம் இதே நகரத்தில், நானக்ராம்குடாவில் உள்ளது. 2024 ஜூனில் அந்த ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, சேதம் தெரிவிக்கப்பட்ட 24 மணிக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாளில் கம்பெனி முடிவு கூற வேண்டும். திருட்டில், போலீஸில் உடனே புகார் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குச் சற்றுத் தாமதமாகத் தெரிவித்தார் என்ற ஒரே காரணத்தால் கோரிக்கையைத் தள்ளலாகாது என்று 2020-ல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. இதைத் தெரிந்து வைத்திருப்பவரிடம் கம்பெனிக்காரர் வேறு குரலில் பேசுவார்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஆணையத்தின் ‘பீமா பரோஸா’ தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியலாம். கம்பெனி நிராகரித்தாலும், ஒரு மாதம் பதிலின்றி இருந்தாலும், ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனை அணுகலாம். 50 லட்ச ரூபாய் வரை அவருக்கு அதிகாரம் உண்டு. கட்டணமில்லை, வக்கீல் வேண்டியதில்லை. அவருடைய ஹைதராபாத் அலுவலகம் லக்டி-கா-பூல் அருகில் இருக்கிறது. பாலாநகர் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமல் போய் இறங்கலாம். இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் உரிமையுண்டு. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தில் வழக்கின் அளவு கேட்கும் தொகையால் அல்லாமல் கொடுத்த பிரீமியத்தால் கணிக்கப்படுவதாலும், ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை என்பதாலும், கார் பாலிசிக்காரர் அங்கும் கட்டணமின்றியே வழக்கிடலாம். தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். இரண்டில் எது முந்த வேண்டும் என்பதில் மட்டும் ஜாக்கிரதை தேவை: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மன் அதே விஷயத்தைத் தொடமாட்டார், ஆனால் ஆம்புட்ஸ்மன் வழங்கும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்துமேயன்றிப் புகார் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது, அது திருப்தியளிக்காவிட்டால் அவர் நுகர்வோர் ஆணையத்தின் வாசலை அதன் பிறகும் தட்டலாம்.